காபியும் சாக்லேட்டும் பேலியோவும்: எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

8 ஜனவரி 2023, கேள்வி

"பேலியோ ஆரம்பித்து 9 நாள் ஆகிறது. சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் விட்டதில் பெரிய கஷ்டம் இல்லை. தினமும் மூன்று வேளை காபி குடித்துப் பழகியவள் நான். முதல் நாளே அதையும் நிறுத்திவிட்டேன். இன்றுவரை தலை கனமாகவே இருக்கிறது. ராத்திரி 9 மணி ஆனால் சாக்லேட் கேட்கிறது. பிள்ளைகளுக்காக ஃப்ரிட்ஜில் வைத்ததில் கை போய்விடுகிறது. இரண்டையும் விட்டே ஆக வேண்டுமா அக்கா?"

8 ஜனவரி 2023, இரவு

காபியை விட வேண்டாம். பாலையும் சர்க்கரையையும் விட்டால் போதும்.

கணக்கைப் பாருங்கள். பேலியோ என்றால் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறை. ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்று வைத்துக்கொண்டால் அதில் பால் சர்க்கரையே கிட்டத்தட்ட 5 கிராம். மேலே இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டால் 8 முதல் 10 கிராம். ஆக ஒரு டம்ளருக்கு 14 கிராம் மாவுச்சத்து, மூன்று டம்ளருக்கு 40க்கும் மேல். நான் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் மொத்தக் கணக்கே 40 கிராம்தான். ஒரு முட்டை, ஒரு பிடி கீரை உள்ளே போகும் முன்பே காபி அத்தனையையும் சாப்பிட்டுவிடும். டிகாஷனில் மட்டும் பார்த்தால் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

அப்புறம் தூள். சிக்கரி கலக்காத தூளாக வாங்குங்கள், சிக்கரியாலும் கொஞ்சம் மாவுச்சத்து வரும். காபி சிக்கரி கலவையில் 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதாவது கிட்டத்தட்ட பாதிப் பொட்டலம் சிக்கரியாக இருக்கலாம். பாக்கெட்டில் சதவீதம் போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

சாக்லேட்டுக்கு நாளைக்கு எழுதுகிறேன். அது எனக்கும் தீராத விஷயம்.

9 ஜனவரி 2023

சாக்லேட்டுக்கு முன்னால் அந்தத் தலைக்கனம். ராத்திரி படுத்த பிறகும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

காபியைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும். அதிகம் போனால் ஒன்பது நாள். உங்களுக்கு ஒன்பது நாள் முடிந்துவிட்டது, ஆனாலும் கனம் குறையவில்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ இது உப்பு என்றுதான் தோன்றுகிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியே தள்ளும், கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்குவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நின்றால் லேசாகக் கிறுகிறுப்பு எல்லாம் இதோடு வருபவை.

எலுமிச்சை பிழிந்து அரை டீஸ்பூன் உப்புப் போட்டு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துப் பாருங்கள். எலும்பு சூப் இன்னும் நல்லது. இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

10 ஜனவரி 2023

"ஒரு மணி நேரத்தில் தலை லேசாகிவிட்டது அக்கா" என்று எழுதியிருக்கிறார். சந்தோஷம்.

14 ஜனவரி 2023

பால் இல்லாமல் காபியா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

வீட்டில் மற்றவர்களுக்குப் பால் காய்ச்சுவோம் இல்லையா, ஆறியதும் அதை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் மேலே கெட்டியாக ஏடு படிந்திருக்கும். கரண்டியின் முதுகால் ஓரத்திலிருந்து சுருட்டினால் பாய் சுருள்வது போல வரும். அதை டம்ளரில் போட்டு முதல் டிகாஷனைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றினால் கொழுப்பு தனியாகப் பிரிந்து எண்ணெய்ப் படலமாக மிதக்கும், ஏடு நார் நாராகத் தொங்கும். ஏட்டை முதலில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் சின்ன மத்தால் கடைந்துவிட வேண்டும். வெண்மையாக, இட்லி மாவுப் பதத்தில் வந்ததும் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி டபராவில் இரண்டு ஆற்று. நிறம் பால் காபியை விடக் கொஞ்சம் கருப்பாக இருக்கும், கள்ளிச்சொட்டு மாதிரி நாக்கில் நிற்கும்.

கடையில் கிடைக்கும் 25 சதவீத ஃபிரெஷ் க்ரீமும் சரிதான். கேக்குக்கு விற்கும் விப்பிங் க்ரீமை எடுத்துவிடாதீர்கள். அதில் பலவும் பால் க்ரீமே இல்லை, தாவரக் கொழுப்பும் சர்க்கரையும்தான். பின்பக்கம் படித்துப் பார்க்காமல் நானே ஒரு டப்பா வாங்கி, நான்கு நாள் "சர்க்கரை இல்லாமலே எவ்வளவு இனிப்பாக இருக்கிறது" என்று குடித்திருக்கிறேன்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். நாளைக்குப் பொங்கலில் ஒரு ஸ்பூன் சாப்பிடுவேன், அதற்கு மேல் இல்லை.

16 ஜனவரி 2023

ஒரு தம்பி கேட்கிறார்: "கருப்பட்டிக் காபி குடிக்கலாமா? இயற்கையானதுதானே?"

இயற்கையானதுதான். எனக்கும் உயிர். எங்கள் அப்பத்தா கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கடுங்காப்பி வைத்தால் தெருமுனை வரை மணக்கும். ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சர்க்கரையிலும் அதேதான். நாட்டுச் சர்க்கரை, தேன் எதற்கும் இந்தக் கணக்கில் சலுகை இல்லை. சுக்குக் காபி வேண்டுமானால் சுக்கு, மல்லி, மிளகோடு நிறுத்துங்கள். தொண்டைக்கு இதமாகவே இருக்கும்.

27 ஜனவரி 2023

வெண்ணெய் காபி பற்றி. அமெரிக்காவில் டேவ் ஆஸ்ப்ரே என்பவர் பிரபலப்படுத்தியது. திபெத்தில் யாக் வெண்ணெய் போட்ட தேநீர் குடித்ததிலிருந்து அந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். திபெத்தியர்கள் உப்பும் போடுவார்கள். அந்தக் குளிரில், அந்த உயரத்தில் அது அவர்களுக்குச் சாப்பாட்டில் பாதி. நம் பேலியோ ஆட்கள் வெண்ணெய் காபியை வெண்ணெய் டீயாகவும் மாற்றிக்கொண்டோம்.

நான் ஒன்றரை வருடமாகக் காலையிலும் மாலையிலும் காபியில் உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம் போட்டு மிக்சியில் ஒரு சுற்று சுற்றிக் குடிக்கிறேன். பசியே எடுக்காது. தாராளமாகக் குடிக்கலாம்.

(இதைப் பற்றி ஏப்ரல் 2 அன்று திருத்தி எழுதியிருக்கிறேன். அதையும் படித்துவிட்டுச் செய்யுங்கள்.)

11 பிப்ரவரி 2023

இந்த உணவுமுறையின் பழைய சரித்திரத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர், சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழில். உடல் பெருத்துக் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியாமல் கஷ்டப்பட்டவர். டாக்டர் சொன்னபடி மாவையும் சர்க்கரையையும் விட்டு இளைத்து, அந்த அனுபவத்தை 1863-ல் சின்னப் புத்தகமாக அச்சிட்டார். காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் என்று அதில் எழுதியிருக்கிறார். 160 வருடத்துக்கு முந்தைய வரக்காப்பிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அவர் விட்டவற்றின் பட்டியலில் ரொட்டி, பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கோடு வெண்ணெயும் இருக்கிறது.

20 பிப்ரவரி 2023

சாக்லேட் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

பாக்கெட்டில் 70 சதவீதம், 85 சதவீதம் என்று போட்டிருப்பது கோகோவின் பங்கு, கோகோ வெண்ணெயும் அதில் சேர்த்தி. மீதி இருப்பது ஏறக்குறைய முழுவதும் சர்க்கரை. ஆக 70 சதவீத சாக்லேட் 100 கிராமில் சுமார் 30 கிராம் சர்க்கரை, 85-ல் சுமார் 15. சாதாரண மில்க் சாக்லேட்டில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். 85-ல் ஒரு வில்லை 10 கிராம் என்றால் சர்க்கரை ஒன்றரை கிராம். அது கணக்கில் அடங்கும். பட்டையில் பாதியைத் தின்றால் அடங்காது.

ஊட்டியில் கிலோக் கணக்கில் விற்கும் வீட்டுச் சாக்லேட்டை டார்க் என்ற பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். அவற்றில் நிறைய காம்பவுண்ட் வகை. கோகோ வெண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு இருக்கும். வாயில் போட்டால் தெரிந்துவிடும். நல்ல சாக்லேட் நாக்குச் சூட்டில் தானாகக் கரையும், காம்பவுண்ட் மெழுகுபோல அண்ணத்தில் அப்பிக்கொள்ளும்.

சாக்லேட் ஏக்கத்துக்குக் காரணம் மக்னீசியக் குறைவு. கோகோவில் அது நிறைய இருக்கிறது, உடம்பு கேட்கிறது.

5 மார்ச் 2023

சுகர் ஃப்ரீ சாக்லேட் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: முதலில் என்ன இனிப்பு என்று பாருங்கள். மால்டிட்டால் என்றால் வேண்டாம். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும், சர்க்கரை அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். நான்கைந்து வில்லை சாப்பிட்டால் வயிறு உப்பி, கடகடவென்று கலக்கிவிடும். கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில், காரில், எனக்கு அந்த அனுபவம் ஆயிற்று. ஸ்டீவியா, அதாவது சீனித்துளசி, சர்க்கரையை ஏற்றாது. கடைசியில் ஒரு கசப்பு தங்கும்.

எரித்ரிட்டாலும் இரத்தச் சர்க்கரையைத் தொடாது என்றுதான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். போன வாரம் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் வந்ததாகச் சொல்கிறது. நம் உடம்பே எரித்ரிட்டாலைக் கொஞ்சம் உற்பத்தி செய்யும் என்பதால், சாப்பிட்டதுதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் டப்பாவை மேல் பரணில் வைத்துவிட்டேன். இனிப்பு நாக்கைப் பழக்கிக்கொண்டே இருந்தால் ஏக்கம் எப்போது குறையும் என்ற கேள்வி எனக்கு முன்பே உண்டு.

2 ஏப்ரல் 2023, ஜனவரி 27 குறிப்புக்குத் திருத்தம்

இதைத் தள்ளிப்போடாமல் எழுத வேண்டும்.

மார்ச் கடைசியில் இரத்தப் பரிசோதனை செய்தேன். கெட்ட கொழுப்பு என்று சொல்கிறார்களே, அந்த எல்டிஎல் 191. உணவுமுறை தொடங்கும் முன் 128 இருந்தது. ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருக்கிறது, மூன்று மாதச் சர்க்கரை சராசரியும் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஒரு எண்ணைத் தள்ளிவிட முடியாது. என் அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனவர். "பேலியோவில் எல்டிஎல் ஏறினால் பரவாயில்லை" என்று நானே சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் எண்ணை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாளுக்கு 60 கிராம் வெண்ணெய் என்பது 400 கலோரிக்கு மேல். எடை ஏழு வாரமாக ஏன் அசையவில்லை என்று தேடினேனே, விடை டம்ளரிலேயே இருந்திருக்கிறது.

காபியிலேயே இன்னொன்றும் இருக்கிறது. காபிக் கொழுப்பில் காஃபெஸ்டால், கஹ்வியோல் என்று இரண்டு பொருள்கள். இவை எல்டிஎல்லை ஏற்றுபவை. பேப்பர் ஃபில்டர் இவற்றைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். நம் எவர்சில்வர் ஃபில்டரின் துளைகள் அப்படிப் பிடிக்காது. இப்போது நான் பேப்பர் ஃபில்டரை வட்டமாக வெட்டி மேல் அடுக்கின் அடியில் விரித்து, அதன்மேல் தூள் போடுகிறேன். டிகாஷன் சொட்டுச் சொட்டாக, ரொம்ப மெதுவாக இறங்கும். அதனால் ராத்திரி படுக்கும் முன்பே வெந்நீர் ஊற்றிவிடுகிறேன். காலையில் அடி டம்ளரில் தெளிவாக நிற்கும். அந்த எண்ணெய் மினுமினுப்பு இருக்காது, வாசனை கொஞ்சம் குறைவு.

வெண்ணெயை நிறுத்திவிட்டேன். ஏடு காலையில் மட்டும் ஒரு ஸ்பூன்.

4 ஏப்ரல் 2023

"பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர். இல்லை. எனக்கு நடந்ததைத்தான் எழுதினேன். இந்த உணவுமுறையால் என் முட்டிவலி போனது, அதை விடப்போவதில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய்க்கு டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது. இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே உடம்பில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குப் போய்விடலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.

18 ஜூன் 2023

ஆனைமலைப் பக்கம் சித்தப்பா தோப்புக்குப் போய் வந்தேன். தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ. சின்ன வயதிலிருந்து பார்க்கிற மரம்தான், ஆனால் சாக்லேட்டோடு சேர்த்து யோசித்துப் பார்த்ததில்லை. காய் கிளை நுனியில் தொங்காது, பலா மாதிரி தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மஞ்சளாகப் பழுத்ததை அரிவாளால் தட்டிப் பிளந்து கொடுத்தார். உள்ளே வெள்ளைச் சதை சுற்றிய விதைகள், சீத்தாப்பழச் சுளை மாதிரி வழவழவென்று. சதை இனிப்பும் புளிப்பும். சாக்லேட் வாசனை கொஞ்சம்கூட இல்லை. விதையைக் கடித்தால் உள்ளே ஊதா நிறம், வாய் முழுக்கத் துவர்ப்பு.

அதை வாழை இலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்த பிறகுதான் அந்த மணம் வருகிறது. சித்தி வறுத்து உடைத்து வைத்திருந்த துண்டுகளில் ஒரு பிடி கொண்டுவந்தேன். மொறுமொறுவென்று, காபிக்கொட்டையும் பாக்கும் சேர்ந்தது மாதிரி. நான்கைந்து துண்டு மென்றால் போதும் என்று தோன்றுகிறது. வெறும் கோகோவைத் தின்ன யாருக்கும் அடங்காத ஆசை வராது என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. நான் ஏங்கியது கோகோவுக்கு இல்லை.

22 ஜூலை 2023, பிப்ரவரி 20 குறிப்புக்குத் திருத்தம்

மக்னீசியம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. எங்கோ படித்ததை அப்படியே எழுதிவிட்டேன். உடம்பு மக்னீசியத்தைத்தான் கேட்கிறது என்றால் ராத்திரி 9 மணிக்கு எனக்குப் பூசணி விதையும் கீரையும் அல்லவா கேட்க வேண்டும்? பூசணி விதை சமையலறை டப்பாவில் நிறைந்துதான் இருக்கிறது. ஒரு நாளும் கை போனதில்லை.

30 ஜூலை 2023

நீளமாக எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனைமலையிலிருந்து வந்ததும் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை மணிக்குக் காபி, எத்தனை மணிக்குத் தூங்கினேன், ராத்திரி சாக்லேட் கேட்டதா இல்லையா, மூன்றே கட்டம். ஆறு வாரம். நேற்று உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

சாக்லேட் கேட்ட நாட்களில் பெரும்பாலானவற்றுக்கு முந்தைய ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறது. தூக்கம் கெட்ட ராத்திரிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் ஐந்தரை மணிக் காபி இருக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மட்டும் தனிக் கணக்கு. அப்போது தூங்கினாலும் கேட்கிறது.

காஃபின் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம். ஐந்தரைக்குக் குடித்தால் பத்தரைக்கும் பாதி இரத்தத்தில் நிற்கிறது. நான் பத்தரைக்குப் படுப்பேன். உடனே தூங்கிவிடுவதால் காபி என்னை ஒன்றும் செய்யாது என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு விழிப்பு வரும், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வயசுக் கோளாறு என்று நினைத்தேன். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும் என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். மறுநாள் அசதியில் இன்னொரு காபி. அது மறுபடி ராத்திரியைக் கெடுக்கும்.

இதில் என் பங்கு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. ஜனவரியில் உங்களை எல்லாம் சிக்கரி இல்லாத தூளுக்கு மாறச் சொன்னேன். சிக்கரியில் காஃபின் கிடையாது. காபி 60, சிக்கரி 40 என்ற கலவை குடித்தவர், அதே ஸ்பூன் அளவில் சுத்தத் தூளுக்கு மாறினால் காஃபின் ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. அந்தத் தூளில் ரொபஸ்டா வகைக் காபிக்கொட்டை இருந்தால் இன்னும் கூடும், அராபிகா வகையை விட அதில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிக்கரியால் ஒரு டம்ளருக்கு வரும் மாவுச்சத்தோ ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்கப் போய், எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்தேனோ. கலவைத் தூள் பிடித்தவர்கள் அதையே குடியுங்கள்.

ஆகவே முதல் நாள் கேட்ட தங்கைக்கு: காபியும் சாக்லேட்டும் இரண்டு தனித்தனிப் பிரச்சினை என்று நினைத்து ஏழு மாதமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். சாக்லேட்டைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். கடைசிக் காபியை மதியம் இரண்டு மணிக்குள் முடித்துப் பாருங்கள்.

1 ஆகஸ்ட் 2023

"நாலு மணிக்கு ஆபீசில் எல்லோரும் டீக்கடைக்குப் போவார்கள், நான் மட்டும் என்ன செய்வது?"

நீங்களும் போங்கள். அந்தப் பேச்சும் பத்து நிமிட வெயிலும் வேண்டும். சூடாகக் கையில் ஒரு கிளாஸ் இருந்தால் போதும். என் வீட்டில் அந்த நேரத்துக்கு ஜீரகத் தண்ணீர், இல்லாவிட்டால் உப்பும் மிளகும் தூக்கலாகப் போட்ட சூப், அதே டபரா டம்ளரில்.

12 ஆகஸ்ட் 2023

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். காலையில் மாத்திரையைக் காபியோடு விழுங்குவதாக இருவர் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். காபி அந்த மாத்திரையை உடம்பு உறிஞ்சிக்கொள்வதைக் குறைத்துவிடும். தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இரும்புச்சத்து மாத்திரைக்கும் காபி ஆகாது.

அப்புறம், போன வாரம் மறுபடி பரிசோதனை செய்தேன். எல்டிஎல் 142. வெண்ணெயை நிறுத்தியதாலா, பேப்பர் ஃபில்டராலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். டாக்டர் இன்னும் இறங்கட்டும் என்கிறார்.

5 நவம்பர் 2023

முதல் கேள்வி கேட்ட தங்கை நேற்று எழுதியிருந்தார். அனுமதி கேட்டு அப்படியே போடுகிறேன்.

"ஆகஸ்ட்டிலிருந்து இரண்டு மணிக்கு மேல் காபி இல்லை. முதல் வாரம் சாயங்காலம் கொட்டாவியாக வந்தது, வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். மூன்றாவது வாரம் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது பிள்ளைகளின் சாக்லேட் அப்படியே இருந்தது. நான் அதை மறந்தே போயிருக்கிறேன். மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் கேட்கிறது, அப்போது 85-ல் ஒரு வில்லை. தீபாவளிக்கு என்ன செய்வது என்றுதான் யோசனை."

தீபாவளிக்கு நான் செய்யப்போவது: கோகோ பவுடர் இரண்டு ஸ்பூன், தேங்காய் முதல் பால் ஒரு கிண்ணம், ஒரு சிட்டிகை உப்பு, அரை ஸ்பூன் டிகாஷன். டிகாஷன் சேர்ந்தால் கோகோவின் சுவை எடுப்பாகத் தெரியும். அடுப்பைச் சிறியதாக வைத்துக் கட்டி தட்டாமல் கிண்டி, ஆறவைத்து ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். மேலே சித்தி கொடுத்த கோகோத் துண்டுகள். கசப்பு அதிகமாகத் தெரிந்தால் சீனித்துளசி இரண்டு சொட்டு. மதியச் சாப்பாடு முடிந்ததும் சாப்பிட்டுவிடுங்கள், டிகாஷன் போட்டிருப்பதால் ராத்திரிக்கு வைக்க வேண்டாம்.